நயினார் சார் கையால்

மேடையில் ஐந்து நாற்காலி. நான்காவது எனக்கு. மூன்றாவது காலியாக இருக்கிறது, அது அவனுக்கு. மதுரையிலிருந்து கிளம்பியாயிற்றாம், சாத்தூரைத் தாண்டியாயிற்றாம், இதோ வந்துவிடுவாராம் என்று தலைமையாசிரியர் மூன்றாம் தடவையாக என் பக்கம் குனிந்து சொல்கிறார், ஏதோ நான் அவன் வரவுக்குத் தவித்துக்கொண்டிருப்பதுபோல. தவித்துக்கொண்டுதான் இருக்கிறேன், வராமல் போகவேண்டும் என்று. வழியில் டயர் வெடிக்கலாம், அய்யோ, அப்படி நினைக்கக் கூடாது, பெண்டாட்டி பிள்ளையும் கூட வருகிறார்களாம், டயர் வேண்டாம், கம்பெனியிலிருந்து அவசரமாகப் போன் வரட்டும், காரைத் திருப்பிக்கொண்டு போகட்டும். மணி பத்தரைதான், அதற்குள் தகரக் கூரை காய ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகளெல்லாம் தரையில், பெற்றவர்கள் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில், காலை நேரத்து எண்ணெய்த் தலைகளின் வாசமும் எங்கோ பின்பக்கம் தாளிக்கிற வாசமும் சேர்ந்து வருகிறது. மடியில் அழைப்பிதழ். முன்னாள் மாணவர் சாதனையாளர் விருது விழா. விருது பெறுபவர் பொறியாளர் பெ. தங்கமாரி. வழங்குபவர் கணித ஆசிரியர் ஆறுமுகநயினார், அடைப்புக்குறிக்குள் ஓய்வு. போன மாதம் தலைமையாசிரியர் போனில் சொன்னார், "சார், விருது வேண்டாம்னுதான் முதல்ல சொன்னார். அப்புறம் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார் சார். நயினார் சார் கையால குடுத்தா வாங்கிக்கிறேன்னார்." கையால். ஏன் கையால் என்று சொன்னான். நயினார் சார் கொடுக்கட்டும் என்று சொன்னால் போதாதா. கையால் என்றால் கையை நினைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். இல்லை, எல்லோரும் சொல்வதுதான், உங்க கையால திருநீறு பூசுங்க, உங்க கையால தாலி எடுத்துக் குடுங்க, வெறும் பேச்சுவழக்கு, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதமாக நான் தூங்காமல் கிடந்தேன். என் மனைவி கோமதி கேட்டாள், "இருபத்தேழு வருஷம் கழிச்சு ஒரு பையன் ஞாபகம் வெச்சுக் கூப்பிடுதான். அதுக்குப் போய் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீக?" அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. வலது கையை அழைப்பிதழுக்கு அடியில் நகர்த்தி வைத்துக்கொள்கிறேன்.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், அன்றைக்குக் காலையில் பள்ளிக்கூடச் செயலாளர் ஆசிரியர் எல்லோரையும் நிற்கவைத்து, என்னை மட்டும் பெயர் சொல்லி, "கணக்கு நடத்தத் தெரியலைன்னா மாடு மேய்க்கப் போகவேண்டியதுதானே" என்றார். பியூன் சிரித்தான். அதை நெஞ்சில் வைத்துக்கொண்டேதான் மதியம் பத்தாம் வகுப்புக்குப் போனேன், கரும்பலகையில் முக்கோணம் வரைந்தேன், கோடு கோணலாக வந்தது, அழித்து மறுபடி வரைந்தேன், அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. திரும்பினேன். யார் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. மூன்றாவது பெஞ்சில் செயலாளரின் அக்கா மகன், உதட்டை மடித்துக்கொண்டு என் கண்ணையே நேராகப் பார்க்கிறான், வா, வந்து தொடு பார்ப்போம் என்பதுபோல. அவன் பக்கத்தில் தங்கமாரி. குனிந்து, ஸ்கேலை வைத்து, என் கோணல் முக்கோணத்தை அவன் நேராக வரைந்துகொண்டிருந்தான். என் கால்கள் அந்தப் பெஞ்சை நோக்கிப் போயின. எட்டி வைத்தால் ஆறு எட்டு இருக்கும். அந்த ஆறு எட்டுக்குள் நான் யோசித்தேன், அதுதான், கோபத்தில் கை நீண்டுவிட்டது என்று எனக்கு நானே எத்தனை வருஷம் சொல்லிப் பார்த்தாலும் அந்த ஆறு எட்டு இருக்கிறது, இவனைத் தொட்டால் வேலை போகும், அவனைத் தொட்டால் யார் கேட்கப் போகிறார்கள், அப்பன் இல்லை, அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போகிறவள், இதையெல்லாம் வரிசையாக யோசித்துத்தான் போனேன். "எந்திரி" என்றேன். தங்கமாரி தன்னைத்தானா என்று பார்த்தான். எழுந்தான். எனக்கு எதிரே நின்றான். என் கை வலது கை, அப்படியானால் அவனுக்கு இடது கன்னம், இடது காது. கணக்கு வாத்தியார் நான், இந்த ஒன்றைத்தான் இருபத்தேழு வருஷமாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் இடது காதுதான் வருகிறது. அறை விழுந்தால் பளீரென்று கேட்கும், அன்று அப்படிக் கேட்கவில்லை, பொத்தென்று மூடியதுபோல ஒரு சத்தம், உள்ளங்கை காதை முழுக்க அடைத்துவிட்டது. அவன் அழவில்லை. உட்கார்ந்தான், ஸ்கேலை எடுத்தான், எடுத்து வைக்கும்போதே மெல்லப் பக்கவாட்டில் சரிந்து செயலாளர் வீட்டுப் பையன் தோளில் சாய்ந்தான்.

அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் நானே சைக்கிளை மிதித்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அம்மா வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. கோரைப்பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தவன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், காதில் பஞ்சு, பஞ்சில் மஞ்சளாக ஈரம். "நாளைக்கு ஹெட்மாஸ்டர் விசாரிப்பாரு. கிணத்துல குதிச்சேன், காதுல தண்ணி போயிருச்சுன்னு சொல்லு. பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசந்தான். படிக்கிற பையன், வீணாப் போயிராதே." கத்தவில்லை, எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக, பிரியமாகக்கூடச் சொன்னேன். அவன் தலையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமாகத் திருப்பி, "என்ன சார்?" என்றான். முதல் தடவை கேட்கவில்லை. அதனால் அதே மிரட்டலை, அதே வார்த்தைகளில், இன்னொரு தடவை சொல்லவேண்டி வந்தது. மறுநாள் தலைமையாசிரியர் அறையில் அம்மாவும் அவனும் நின்றார்கள். அன்றைய தலைமையாசிரியர், இவர் இல்லை, "சார் அடிச்சாராடா?" என்றார். "இல்லை சார். கிணத்துல குதிச்சேன்." அந்த அம்மா அவனையே பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "எங்க ஊர்க் கிணத்துல தண்ணி வத்தி ரெண்டு மாசமாச்சே சார்" என்றாள். "சரி, கூட்டிட்டுப் போம்மா" என்றார் தலைமையாசிரியர். அவ்வளவுதான். அவன் பரீட்சை எழுதினான், கணக்கில் தொண்ணூற்றெட்டு, மேலே படித்தான், வெளிநாடு போனான், பூமிக்கு அடியில் ரயிலுக்குச் சுரங்கம் தோண்டுகிறானாம், எல்லாம் மற்றவர்கள் வாயால் என்னிடம் வந்தது, ஒவ்வொரு முறையும் சந்தோஷப்பட்டேன், சந்தோஷமும் அதற்கு அடியில் இன்னொன்றும், இவன் வளர வளர என்றைக்கோ ஒருநாள் இவன் சொல்வதை ஊர் கேட்கும் என்று. அந்த நாள் இன்றைக்குத்தான். முன்வரிசையில் எத்தனை போன்கள் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். சொல்லப் போகிறான். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, என் கையாலேயே வாங்கிக்கொண்டு, மைக்கில் சொல்லப் போகிறான். மத்தியானத்துக்குள் கோமதியின் போனுக்குக்கூட வந்துவிடும்.

பேண்டு வாத்தியம். வந்துவிட்டான். நடுவில் நடந்து வருகிறான், உயரம், கனத்த தோள், நரை, இவனைத் தெருவில் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது. பின்னால் ஒரு பெண், பச்சைச் சேலை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு பத்து வயசுச் சிறுமி. அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்துகொள்ள, அவன் படியேறி நேராக என்னிடம் வந்தான், எல்லோரையும் விட்டுவிட்டு. நான் எழுந்தேன். குனிந்து காலைத் தொட்டான். கைதட்டல். என்ன செய்வதென்று தெரியாமல் என் கை அவன் தலைக்குப் போய், தொடாமல் நின்றுவிட்டது, இந்தத் தலை, இந்தக் காது. "நல்லா இருக்கீங்களா சார்?" "இருக்கேன் தங்கமாரி. நீ, நீங்க..." "நீன்னே சொல்லுங்க சார், என்ன சார்." சிரித்தான். சிரிப்பில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தான். அப்படியானால் அவனுக்கு இடப்பக்கம் நான். அந்தக் காது என் பக்கம். இறைவணக்கம் முடிந்தது, குத்துவிளக்கு ஏற்றினார்கள், வரவேற்புரை, நிகழ்ச்சியைத் தொகுக்கிற தமிழ் டீச்சர் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் நாலு அடைமொழி போடுகிறார், இன்னும் இரண்டே பேச்சு, அப்புறம் இவன். இப்போதே மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். இப்போது கேட்காவிட்டால் இனி இல்லை. முகத்தைக் கூட்டத்தின் பக்கமே வைத்துக்கொண்டு, உதடு அசையாமல், "தங்கமாரி, என்னை மன்னிச்சிரு. எல்லார் முன்னாடியும் சொல்லிராதே. நான் வயசாளி" என்றேன். அவன் திரும்பவில்லை. முழங்காலில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். கேட்கவில்லை என்று பாவனையா, கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறானா, ஒரு நிமிஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, நான் யாரிடம், எந்தக் காதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று. எழுந்து அந்தப் பக்கம் போக முடியாது. முந்நூறு பேர் பார்க்கிறார்கள். சட்டைக்குள் வியர்வை ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது, அது இடுப்பை எட்டுவதற்குள் அவன் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க நிக்கிறதுக்குக் காரணம் ஒரே ஒரு அறை." எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன், மயங்கி விழுந்துவிட்டால் நல்லது, விழக்கூட முடியவில்லை. "பத்தாவது படிக்கும்போது கணக்கு கிளாஸ்ல நான் சிரிச்சேன். சார் போர்டுல எழுதிக்கிட்டு இருக்காரு, நான் பின்னாடி இருந்து சத்தமாச் சிரிச்சேன். வந்தாரு. விட்டாரு ஒண்ணு." பிள்ளைகள் சிரித்தார்கள். இவன் சிரிக்கவில்லையே, சிரித்தது பக்கத்தில் இருந்தவன்தானே, என்ன சொல்கிறான் இவன். "இந்தக் காது அன்னிக்குப் போனதுதான், இன்னிக்கு வரைக்கும் கேக்காது. சுரங்கத்துல மெஷின் ஓடுற சத்தத்துக்கு எல்லாரும் ரெண்டு காதையும் பொத்திக்குவாங்க. எனக்கு ஒண்ணைப் பொத்துனாப் போதும்." கூடமே சிரித்தது, தலைமையாசிரியர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "சார் அன்னிக்கு அடிக்கலைன்னா நான் தீப்பெட்டி ஆபீஸ்லதான் கெடந்திருப்பேன். அதனாலதான் சொன்னேன், அவர் கையாலதான் வாங்குவேன்னு." கைதட்டல் தகரத்தில் முட்டித் திரும்பியது. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், வணங்குகிறார்கள், ஒரு அம்மா கண்ணைத் துடைக்கிறாள். தப்பித்துவிட்டேன். தப்பித்துவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது, அதை மறைக்கமாட்டேன், மூத்திரம் வந்துவிடும்போல இருந்தது. சிரித்ததாக அவனே சொல்கிறான், அவனே நம்புகிறான், இனி எனக்கென்ன. அவன் நிறுத்தவில்லை. "இப்ப அடிக்கக் கூடாதுன்னு சட்டம் வந்திருச்சு. பிள்ளைங்க பயமில்லாம வளருது. என் வீட்டுல அந்தச் சட்டம் கிடையாது." பெற்றவர்கள் பக்கமிருந்து இன்னும் பெரிய கைதட்டல். பச்சைச் சேலைக்காரி மட்டும் மடியில் இருந்த கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என் மக தாரணி. அஞ்சாவது படிக்கிறா. போன வருஷம் முப்பதாவது ராங்க், இந்த வருஷம் ரெண்டாவது. எப்படின்னு நான் சொல்லவேண்டாம். சாரோட டெக்னிக்தான்." சிரிப்பு. "தாரணி, எந்திரி. மேடைக்கு வா." எந்திரி. அந்த ஒரு சொல்லில் அவன் குரல் இல்லை. அது என் குரல். மூன்றாவது பெஞ்சுக்கு முன்னால் நின்று நான் சொன்ன அதே அளவு சத்தம், அதே இழுப்பு.

வந்தாள். எலும்பாக, முழங்கை மறைகிற கை வைத்த பாவாடை சட்டை, இந்த வெயிலில். படத்துக்காக அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொள்ள அவன் கையை உயர்த்தினான், சும்மா, தோளில் போடத்தான். அந்தக் குழந்தையின் வலது தோள் காது வரைக்கும் ஏறியது. கண் இறுக மூடித் திறந்தது. அரை விநாடி. அவன் பார்க்கவில்லை, காமிராக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் பார்க்கவில்லை. தமிழ் டீச்சர் மைக்கை என்னிடம் நீட்டி, "இத்தகைய மாணவரைச் செதுக்கிய சிற்பி, நயினார் ஐயா, இரண்டு வார்த்தை" என்றார். நன்றி என்று ஒரே வார்த்தை சொன்னால் முடிந்தது. சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம், இனி சாகிறவரைக்கும் பயமில்லாமல் தூங்கலாம், சிற்பி. மைக் கனமாக இருந்தது. "தங்கமாரி அன்னிக்குச் சிரிக்கலை" என்றேன். என் குரல் கூரையிலிருந்து எனக்கே கேட்டது. "சிரிச்சது பக்கத்துல இருந்த பையன். எனக்கு அப்பவே தெரியும். அவன் பெரிய வீட்டுப் பிள்ளை, தொட்டா என் வேலை போயிரும். இவனைக் கேக்க ஆளில்லை. அதனால இவனை அடிச்சேன். காது போச்சு. வீட்டுக்குப் போயி, கிணத்துல குதிச்சேன்னு பொய் சொல்லுன்னு மிரட்டுனேன். இவன் முன்னுக்கு வந்ததுக்கும் என் அடிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யாரும் யாரையும் அப்படி அடிக்காதீங்க." எங்கோ ஒரு கைக்குழந்தை அழுதது. அப்புறம் ஒரு ஆள் கைதட்டினார், ஒருவர், பத்துப் பேர், எல்லோரும், கூடமே எழுந்து நின்று தட்டியது. "மாணவனின் உயர்வில் தனக்குப் பங்கில்லை என்று சொல்கிற பெருந்தன்மையைப் பாருங்கள்!" என்று டீச்சர் குரல் தழுதழுத்தது. நான் சொன்னதை இவர்கள் என்னவென்று கேட்டார்கள். என் கையில் யாரோ விருதைத் திணித்தார்கள், அவன் அதை வாங்கிக்கொண்டான், அவன் விரல் சில்லென்று இருந்தது. போட்டோவுக்குச் சிரித்தான். அந்தக் கூடத்தில் அவன் ஒருவன்தான் நான் சொன்னதைக் கேட்டிருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது.

விழா முடியும்வரை அவன் என் பக்கம் திரும்பவில்லை. சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. மேடைக்குப் பின்னால் படியில் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது வந்து முன்னால் நின்றான். "ஏன் சார் சொன்னீங்க?" "உண்மை, தங்கமாரி. உனக்குத் தெரியணும்னு..." "நான் சிரிச்சேன்னுதான் சார் வெச்சிருந்தேன்." சத்தம் போடவில்லை, மிக மெதுவாகப் பேசினான். "காது வலியோட படுத்துக் கெடந்தப்ப யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், ஏன் அடிச்சாருன்னு. ஒண்ணும் வரலை. பைத்தியம் பிடிச்சிரும்போல இருந்துச்சு. சரி, சிரிச்சிருப்பேன்னு முடிவு பண்ணுனேன். தப்பு பண்ணுனேன், அடி விழுந்துச்சு, திருந்துனேன், பெரிய ஆளானேன். எல்லாம் சரியா இருந்துச்சு சார். இத்தனை வருஷம் சரியா இருந்துச்சு." "மன்னிச்சிரு தங்கமாரி." "மன்னிப்பை விடுங்க." விருதை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "அப்ப என் பொண்ணை நான் எதுக்கு அடிச்சேன்னு சொல்லுங்க சார்." முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்தியவன், விடை எனக்குத் தெரியாமல் ஒரு கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டதே இல்லை. அவன் படியிறங்கிப் போனான்.

கார் மைதானத்தில் வெயிலில் நின்றது. அவன் மனைவி முன்கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். குழந்தை பின்கதவுக்குப் பக்கத்தில், ஏறலாமா வேண்டாமா என்று நின்றாள். அவன் விருதைப் பின்சீட்டில் போட்டான், சாவியை எடுத்தான், கதவைத் திறக்கப் போனவன் அப்படியே நின்று, வலது கையை, அவளை அடிக்கிற கையை, விரித்து, காரின் கூரைமேல் வைத்தான். பன்னிரண்டு மணி வெயில், கறுப்புக் கார், அந்தத் தகடு என்னவாகக் கொதிக்கும். ஒரு விநாடி, சும்மா சாய்ந்திருக்கிறான் என்று நினைத்தேன். இரண்டு, மூன்று, பத்து வரைக்கும் எண்ணினேன். உள்ளங்கை முழுக்கப் படிந்திருந்தது, எடுக்கவில்லை, முகத்தில் ஒன்றும் இல்லை. பின்னால் கூடத்தில் பிள்ளைகள் தட்டுகளோடு வரிசையில் கத்திக்கொண்டிருந்தார்கள், யாரோ "நயினார் சார், வாங்க, உங்களுக்குத்தான் இலை போட்டிருக்கு" என்று கூப்பிட்டார்கள். "அப்பா" என்று குழந்தை சொல்வது கேட்டது. "அப்பா, சுடும்ப்பா. கையை எடுங்க." அவன் எடுக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், படியில் நிற்கிற இந்தக் கிழவன் ஏதாவது செய்வானா என்று. நான் இரண்டு படி இறங்கினேன். மூன்றாவது படியில் நின்றுவிட்டேன். அவள் மறுபடியும் அவன் பக்கம் திரும்பி, இந்தத் தடவை கத்தினாள்.